பவானி ஜமக்காளத்துக்குச் சொந்த சர்வரில் வேர்ட்பிரஸ்: எதை முதலில், எதை அப்புறம்

கேள்வியின் சாரம் இது: பவானியில் வீட்டிலேயே ஜமக்காளத் தறி. அப்பா நெய்வதை நேரடியாக விற்க ஒரு சைட் வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். 1 ஜிபி ராம் உள்ள சின்ன கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து உபுண்டு 24.04 என்ற இயங்குதளம் போட்டாயிற்று. வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரையே சர்வராக்கலாமா? சைட் அமைக்க உதவும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல் மூன்றில் எது? வீடியோ பார்த்து கமாண்ட் அடித்தால் பாதியில் நின்றுவிடுகிறது, ஏன்?

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பாதியில் நிற்பதற்குக் காரணம் நீங்க இல்லைங்க. அந்த வீடியோக்களில் பாதி உபுண்டு 18.04, 20.04 காலத்தில் எடுத்தவை. அவற்றில் பிஎச்பி (வேர்ட்பிரஸ் ஓடத் தேவையான நிரல்மொழி) 7.2, 7.4 என்று பதிப்பு எண்ணைச் சொல்லியே பேக்கேஜ், அதாவது மென்பொருள் பொதி, கேட்பார்கள். உங்க 24.04-இல் வருவது பிஎச்பி 8.3. அந்தப் பழைய பெயரில் பேக்கேஜே கிடையாது என்று சர்வர் சொல்லிவிட்டு நிற்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த கமாண்டை அடித்தால் அதுவும் தடுக்கும். அதனால் நான் கமாண்டை எழுத்துக்கு எழுத்து தரப்போவதில்லை. எதை எதற்குப் பின் செய்ய வேண்டும், ஏன் என்று சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் கமாண்டை உபுண்டுவின் சொந்தக் கையேட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

வேர்ட்பிரஸ் நிறுவுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஒரு சாயங்காலம் போதும். ஆனால் பின்னால் வருஷக்கணக்கில் தொல்லை கொடுக்கும் விஷயங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு சாயங்காலத்திலேயே முடிவாகிவிடுகின்றன. பாவில் இழை மாறிப்போனால் நெய்த பிறகு திருத்த முடியாது என்பது உங்க வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் அப்படித்தான்.

மூன்றில் எது என்பதை நீட்டி முழக்க வேண்டாம். மூன்றும் பிஎச்பியில் எழுதியவை, மூன்றும் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் இலவசம். துருபல் 2001-இல் வந்தது, வேர்ட்பிரஸ் 2003-இல், மாம்போ என்ற பழைய திட்டத்திலிருந்து பிரிந்த ஜூம்லா 2005-இல். பல துறை, பல அலுவலர், யார் எதைத் திருத்தலாம் என்ற சிக்கலான ஏற்பாடு உள்ள பெரிய நிறுவனத்துக்குத் துருபல் பிரமாதம். உங்களுக்கு அது தேவையில்லை. ஜூம்லாவில் ஒரு நல்ல குணம், பலமொழி வசதி உள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் அதற்கு பாலிலாங் மாதிரி ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) போட வேண்டும். அப்படியிருந்தும் வேர்ட்பிரஸ்தான் போடச் சொல்வேன். நாளைக்கு நீங்க வேலைக்கு வெளியூர் போய்விட்டால், அப்பாவுக்கு உதவ ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ வேர்ட்பிரஸ் தெரிந்த பிள்ளைகள் உடனே கிடைப்பார்கள். மென்பொருளின் அழகைவிட இது முக்கியம்.

சர்வரில் கை வைக்கும் முன் டொமைன் பெயர், அதாவது சைட்டின் முகவரிப் பெயர். அதை அப்பா பெயரில், அப்பாவின் கைபேசி எண்ணும் அவர் திறக்கக்கூடிய மின்னஞ்சலும் கொடுத்து வாங்குங்க. நண்பன் பெயரிலோ சைட் செய்து தருபவர் பெயரிலோ வேண்டாம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். டொமைன், சைட் செய்தவர் பெயரில் இருந்தது. அவர் அந்தத் தொழிலை விட்டுப் போனார், புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் அவருடைய பழைய முகவரிக்கே போயின. கெடு முடிந்ததும் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பையர்களுக்கு அச்சடித்துக் கொடுத்த கேட்டலாக்கில் எல்லாம் அந்தப் பெயர்தான் இருந்தது. சர்வர் போனால் ஒரு நாளில் வேறு சர்வர் எடுக்கலாம், பெயர் போனால் திரும்பாது.

பெயர் வாங்கியதும் டிஎன்எஸ்-இல் (எந்தப் பெயர் எந்த ஐபி எண்ணுக்கு என்று சொல்லும் இணைய அடைவு) ஏ ரெக்கார்டு என்ற பதிவு ஒன்று போட்டு உங்க சர்வரின் ஐபி எண்ணைக் காட்டுங்க. இது எல்லா இடத்திலும் பரவச் சில நிமிடமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அதனால்தான் இதை முதலிலேயே செய்யச் சொல்கிறேன். டொமைன் தயாராகாமல் ஐபி எண்ணை வைத்தே நிறுவினால், வேர்ட்பிரஸ் அந்த எண்ணைத் தன் சொந்த முகவரி என்று டேட்டாபேஸில் எழுதிவைத்துக்கொள்ளும். பிறகு டொமைன் வந்தாலும் படங்களும் இணைப்புகளும் பழைய எண்ணையே தேடிப் போகும். அதைத் திருத்துவது முடியாத காரியம் இல்லை, ஆனால் தேவையில்லாத காரியம்.

அடுத்தது சர்வரின் கதவுகள். இணையத்தில் ஒரு சர்வர் வந்த உடனேயே 22-ஆம் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட கதவுகளில், தொலைவிலிருந்து கமாண்ட் அடிக்க நுழையும் கதவு) பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டும் நிரல்கள் வந்துவிடும். நீங்க யார், உங்களிடம் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவற்றுக்குக் கணக்கே இல்லை. ஆகவே ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக நேரடியாக நுழைவதை நிறுத்தி, உங்களுக்கென்று சூடோ உரிமையுள்ள (தேவைப்படும்போது மட்டும் ரூட் அதிகாரம் பெறும்) ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்க. எஸ்எஸ்எச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் ஃபைல்) உருவாக்கி, அதை வைத்து நுழைய முடிகிறதா என்று இன்னொரு ஜன்னலில் சரிபார்த்த பிறகே பாஸ்வேர்டு வழியை மூடுங்க. முதல் ஜன்னலை அதுவரை மூட வேண்டாம். ஃபயர்வாலில் 22, சைட்டைக் காட்டும் 80, 443 ஆகிய மூன்றை மட்டும் திறந்து வைங்க. 3306 என்ற டேட்டாபேஸ் போர்ட்டை வெளியே திறக்கச் சொல்லும் எந்த வீடியோவையும் நம்ப வேண்டாம். வேர்ட்பிரஸ்ஸும் டேட்டாபேஸும் ஒரே சர்வரில் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

இப்போது பக்கங்களை வழங்கும் அப்பாச்சி, டேட்டாபேஸ் மென்பொருளான மரியாடிபி, பிஎச்பி மூன்றையும் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்க. அப்பாச்சிக்கு மாற்றான எஞ்சின்எக்ஸ் வேகம் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் வேர்ட்பிரஸ் தன் முகவரி விதிகளை எழுதிக்கொள்ளும் எச்டிஅக்சஸ் ஃபைலை அப்பாச்சிதான் படிக்கும். முதல்முறை செய்பவருக்கு அப்பாச்சியே வசதி. பிஎச்பியோடு மைஎஸ்க்யூஎல், கர்ல், ஜிடி, எக்ஸ்எம்எல், எம்பிஸ்ட்ரிங், ஜிப், இன்டல் ஆகிய துணைப் பேக்கேஜ்களும் வேண்டும். எம்பிஸ்ட்ரிங்கை விட்டுவிடாதீங்க, தமிழ் எழுத்துகளை எழுத்தாக எண்ணி வெட்டவும் சேர்க்கவும் அதுதான் உதவும். உபுண்டு களஞ்சியத்தில் வேர்ட்பிரஸ்ஸே ஒரு பேக்கேஜாக உண்டு, அதைத் தொடவேண்டாம். அது ஃபைல்களை வேறுவேறு இடத்தில் வைக்கும், பதிப்பும் பின்தங்கி இருக்கும். வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து நேரே இறக்குவதே சரி.

டேட்டாபேஸ் உருவாக்கும்போது எழுத்து வகை யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்க. தமிழின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும், எமோஜிக்கு 4 பைட். பழைய லத்தீன் வகையில் உருவாக்கிவிட்டால் எழுதியதெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறியாக மாறும். அப்படி மாறியது மாறியதுதான், மீட்க முடியாது. வேர்ட்பிரஸ்ஸுக்கென்று தனி டேட்டாபேஸ் பயனர் ஒருவரை வைத்து, அந்த ஒரு டேட்டாபேஸ் மீது மட்டும் உரிமை கொடுங்க. மரியாடிபியின் ரூட்டை வேர்ட்பிரஸ்ஸிடம் கொடுக்கவே கூடாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த வரிசை. பெரும்பாலோர் வேர்ட்பிரஸ் ஃபைல்களைப் போட்டுவிட்டு, அப்புறம் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் (சைட்டுக்கும் வருபவருக்கும் இடையே போவதை மறைத்து அனுப்ப உதவுவது) வாங்கிவிட்டு, நாளைக்கு நிறுவிக்கொள்ளலாம் என்று தூங்கப் போகிறார்கள். சான்றிதழ் வழங்கப்பட்டதும் உங்க டொமைன் பெயர் எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். சான்றிதழ் முறையே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் புதுப் பெயர் வந்த சில நிமிடங்களில் தட்டிப் பார்க்கும். பாதியில் நிற்கும் வேர்ட்பிரஸ் நிறுவல் பக்கம் கிடைத்தால், தங்களுடைய டேட்டாபேஸ் விவரத்தைப் போட்டு நிறுவி, உங்க சர்வரில் தங்கள் நிரலை ஏற்றிவிடும். காலையில் நீங்க பார்க்கும்போது சைட் உங்களுடையதாக இருக்காது.

ஆகவே இப்படிச் செய்யுங்க. சைட்டுக்கான ஃபோல்டரில் முதலில் 'விரைவில்' என்று ஒரே ஒரு சாதாரணப் பக்கம் மட்டும். அதைக் காட்டும்படி அப்பாச்சியில் விர்ச்சுவல் ஹோஸ்ட் (எந்த டொமைனுக்கு எந்த ஃபோல்டர் என்ற அமைப்பு) அமைத்து, முகவரிகளை மாற்றி எழுத உதவும் ரீரைட் மாட்யூலை இயக்கி, அந்த ஃபோல்டருக்கு எச்டிஅக்சஸை அனுமதிக்கும் வரியையும் சேர்த்துவிடுங்க. பிறகு செர்ட்பாட் என்ற கருவி மூலம் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ் வாங்குங்க. பணம் கிடையாது; 90 நாள் செல்லும்; செர்ட்பாட் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஒருமுறை ஒத்திகைப் புதுப்பிப்பு ஓட்டிப் பார்த்துவிடுங்க. சைட் எச்டிடிபிஎஸ் முகவரியில் சரியாகத் திறந்த பிறகு, கையில் நேரம் இருக்கும்போது வேர்ட்பிரஸ்ஸை ஃபோல்டரில் விரித்து, கான்ஃபிக் ஃபைலில் டேட்டாபேஸ் விவரத்தையும் ரகசியச் சாவிகளையும் எழுதி, அதே மூச்சில் நிறுவல் பக்கத்தைத் திறந்து முடித்துவிடுங்க. நடுவில் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க வேண்டாம். பயனர் பெயராக 'அட்மின்' வைக்க வேண்டாம்.

ஃபைல்களின் உரிமையாளர் யார் என்பதில்தான் அடுத்த சிக்கல். பிளகின் போடப் போனால் எஃப்டிபி (ஃபைல் ஏற்றும் ஒரு வழி) விவரம் கேட்கிறது என்று எத்தனையோ பேர் வந்து நிற்பார்கள். ஃபைல்கள் ரூட் பெயரில் இருக்கின்றன, அப்பாச்சி ஓடுவதோ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக. எழுத அனுமதி இல்லாததால் வேர்ட்பிரஸ் வேறு வழி கேட்கிறது, அவ்வளவுதான். இதற்கு எல்லாவற்றுக்கும் 777 என்ற அனுமதி எண்ணைக் கொடு என்று எவராவது சொன்னால் கேட்காதீங்க. சர்வரில் இருக்கும் எந்த நிரலும் எதையும் எழுதலாம் என்று அதற்கு அர்த்தம். வேர்ட்பிரஸ் ஃபோல்டர் முழுவதையும் அப்பாச்சியின் பயனர் பெயருக்கு மாற்றி, ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644, கான்ஃபிக் ஃபைலுக்கு மட்டும் 640 வைங்க; உரிமையாளர் மட்டுமே எழுதலாம் என்று இவற்றுக்கு அர்த்தம். வேர்ட்பிரஸ் தன் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்வதும் இந்த உரிமை சரியாக இருந்தால்தான் நடக்கும். பகிர்வு சர்வரில், பல பேருடைய சைட்கள் இருக்கும் இடத்தில் இதைவிடக் கண்டிப்பான ஏற்பாடு தேவை. உங்களுடையது தனிச் சர்வர், இது போதும்.

உள்ளே நுழைந்ததும் அமைப்புகளில் மொழியைத் தமிழ் என்று மாற்றலாம், அப்பா பயன்படுத்தும் கணக்குக்கு மட்டும் தமிழ் வைத்துக்கொள்வதும் நல்லது. நேரத்தைக் கொல்கத்தா என்று வைங்க.

நிரந்தர இணைப்பு (ஒவ்வொரு பக்கத்தின் முகவரி) அமைப்பை முதல் பக்கம் எழுதும் முன்பே 'பதிவின் பெயர்' என்று மாற்றிவிடுங்க. இங்கே தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சங்கடம் உண்டு. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாகவும் எடுத்துக்கொள்ளும். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாக மாற்றித்தான் சேமிக்கிறது. முகவரிக்கு ஒதுக்கிய இடமோ 200 எழுத்து. கணக்குப் போட்டால் 22 குறியீடுதான் தாங்கும். ஒற்றும் உயிர்மெய்க் கொம்பும் தனித்தனிக் குறியீடு. 'பவானி ஜமக்காளம் நெய்யும் முறை' என்று தலைப்பு வைத்துப் பாருங்க: பவானிக்கு 5, ஜமக்காளத்துக்கு 9, நெய்யும் என்பதற்கு 8. 22 முடிந்தது. 'முறை' முகவரியில் விழுந்துவிடும். கூடவே, அந்த இணைப்பை வாட்ஸாப்பில் ஒட்டினால் பல நேரம் விழுக்காட்டுக் குறிகளாக ஒரு முழம் நீளத்துக்கு வந்து நிற்கும். அதனால் தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகக் கையால் எழுதுங்க. பிறகு அதை மாற்ற வேண்டாம்.

இன்னொன்று, உங்க ஊர் அச்சகத்தில் பழைய நோட்டீஸின் எழுத்தைக் கேட்டு வாங்குவீர்கள். அது பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் இருக்கும். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டே ஒட்ட வேண்டும், மாற்றிய பிறகு ஒற்றும் கொம்பும் சரியா என்று ஒரு முறை வாசிக்கவும் வேண்டும்.

படங்கள். உங்களுக்கு வியாபாரமே படத்தில்தான். கைபேசியில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும். பிஎச்பி இயல்பாக அனுமதிப்பது 2 எம்பி. பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைலில் ஏற்றும் அளவை 16 என்றும், போஸ்ட் அளவை அதைவிடக் கொஞ்சம் கூட்டி 20 என்றும் மாற்றுங்க. மாற்றியும் அதே பிழை வந்தால், தப்பான ஃபைலில் மாற்றியிருப்பீர்கள். உபுண்டுவில் இதே பெயரில் கமாண்ட் லைனுக்கு ஒன்று, அப்பாச்சிக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். வேண்டியது அப்பாச்சி ஃபோல்டருக்குள் இருப்பது. மாற்றியதும் அப்பாச்சியை மறுதொடக்கம் செய்யுங்க.

ஏற்றிய ஒவ்வொரு படத்தையும் வேர்ட்பிரஸ் பல அளவில் நகல் எடுத்து வைக்கும். அதில் 150-க்கு 150 சிறுபடம் மட்டும் நடுப்பகுதியைச் சதுரமாக வெட்டி எடுக்கப்படுவது. ஜமக்காளத்தின் அழகே கரையில் இருக்கிறது, இது அதைத்தான் வெட்டிவிடும். பட்டியல் பக்கத்தில் எல்லா ஜமக்காளமும் ஒரே மாதிரிக் கோடாகத் தெரியும். ஊடக அமைப்பில் 'சரியான அளவுக்கு வெட்டு' என்ற தேர்வை எடுத்துவிடுங்க. வூகாமர்ஸ் என்ற கடை நடத்தும் பிளகின் போட்டால் அதற்கும் தனியாக 'வெட்டாதே' என்ற அமைப்பு உண்டு. இதையெல்லாம் படம் ஏற்றும் முன்பே செய்ய வேண்டும், முன்னர் ஏற்றியவற்றுக்கு நகல்களை மறுபடி உருவாக்கினால்தான் மாறும். ஒவ்வொரு ஜமக்காளத்துக்கும் கரை தெரிய ஒரு படம், நெசவு தெரிய நெருக்கத்தில் ஒரு படம் வைங்க. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. விசைத்தறி நகல்கள் அதே பெயரில் சந்தைக்கு வருகிற காலத்தில், குழித்தறியில் கால் மிதித்து நெய்வதைக் காட்டும் ஒரு பக்கம் விலைப்பட்டியலைவிட அதிகம் பேசும்.

1 ஜிபி ராம் பற்றிக் கொஞ்சம் கவனம். அப்பாச்சி பழைய பாணியில் பிஎச்பியோடு ஓடும்போது வருபவர்களுக்காக அது எழுப்பும் ஒவ்வொரு செயலியும் (தனித்தனியாக ஓடும் அதன் நகல்) 40, 50 எம்பி ராம் எடுக்கும். இயல்பு அமைப்பில் 150 செயலிவரை பெருக அனுமதி. 150-ஐ 50-ஆல் பெருக்கினால் 7,500 எம்பி. உங்களிடம் இருப்பது 1,000. தீபாவளிக்கு முன்னால் சொந்தக்காரர் குழுவில் இணைப்பைப் போடுவீர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டுவார்கள். ராம் தீர்ந்ததும் உபுண்டுவின் மையநிரலான லினக்ஸ் கர்னல் பெரிய ஆளாகப் பார்த்து நிறுத்தும், அது அனேகமாக மரியாடிபியாக இருக்கும். 'டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை' என்ற வெள்ளைப் பக்கம் வருவது இதனால்தான். பாஸ்வேர்டு தப்போ என்று தேடி நேரத்தைப் போக்காதீங்க. அந்த 150-ஐ 10 என்று குறையுங்க, 2 ஜிபி ஸ்வாப் ஃபைல் (ராம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) ஒன்று உருவாக்குங்க, தயாரான பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஒரு கேச் பிளகின் போடுங்க. வந்தவர் சில நொடி காத்திருப்பார், சைட் விழாது.

சைட்டின் படிவத்தில் வாடிக்கையாளர் விசாரித்து எழுதுவது மின்னஞ்சலாகச் சர்வரிலிருந்து நேரடியாகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல கிளவுட் கம்பெனிகள் மின்னஞ்சல் வெளியேறும் 25-ஆம் போர்ட்டை மூடியே வைத்திருக்கின்றன. போனாலும் ஸ்பேமில் விழும். எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் முறை) பிளகின் போட்டு, ஏற்கெனவே இருக்கும் மின்னஞ்சல் கணக்கின் வழியாக 587-ஆம் போர்ட்டில் அனுப்புங்க. பக்கத்திலேயே வாட்ஸாப் பொத்தானும் இருக்கட்டும், நம் பக்கத்து வாடிக்கையாளர் படிவம் நிரப்ப மாட்டார்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரையே சர்வராக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பழகிப் பார்க்க அருமையான வழி. ஊருக்குக் காட்ட வேண்டாம். கரண்ட் போவது ஒரு பக்கம்; பல பிராட்பேண்ட் இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி எண்ணே தருவதில்லை, பலருக்கும் சேர்த்து ஒன்றுதான். வெளியிலிருந்து வருபவருக்கு உங்க கதவு தெரியாது.

அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு வேறு வேலை இருக்கிறது, பேக்கப். வேர்ட்பிரஸ்ஸில் காப்பாற்ற வேண்டியவை மூன்று: டேட்டாபேஸ், கன்டென்ட் ஃபோல்டர், கான்ஃபிக் ஃபைல். மற்றதெல்லாம் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். தினமும் இரவு டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுக்கும்படி சர்வரில் கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் நிரல்) வைங்க, வாரம் ஒருமுறை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் மூன்றையும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்ளுங்க. சர்வரிலேயே இருக்கும் பேக்கப் சர்வரோடு போய்விடும். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் உபுண்டு போட்டு, அந்த நகலிலிருந்து சைட்டை ஒருமுறை எழுப்பிப் பார்த்துவிடுங்க. தமிழ் எழுத்து சரியாக வருகிறதா, கரைப் படங்கள் வருகின்றனவா என்று பாருங்க. அப்படி எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எங்கேயாவது நின்றால், திரையைப் போட்டோ எடுத்து அனுப்பாதீங்க. அப்பாச்சியின் பிழை லாக் ஃபைலின் கடைசி இருபது வரியை எழுத்தாக அனுப்புங்க. அதில் பாஸ்வேர்டு எதுவும் இருந்தால் முதலில் அழித்துவிடுங்க. காரணம் பெரும்பாலும் அந்த இருபது வரிக்குள்ளேயே இருக்கும்.